கால்சியம் டப்பா

சொல்லத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை. கதவு திறந்ததும் போய் அந்த முக்காலியில் உட்காருவேன், டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார், எப்படிம்மா விழுந்தே என்பார், விழவே இல்லைங்க, கையைத் தரையில் ஊன்றினேன் அவ்வளவுதான் என்பேன், வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறியா என்று கேட்பார், அப்போது சொல்லிவிடுவேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். இந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்ததிலிருந்து இதையே மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முக்காலி வரைக்கும் நன்றாகப் போகிறது, எக்ஸ்ரே வரைக்கும் போகிறது, அந்தக் கேள்வி வந்ததும் கரண்டு போன மாதிரி எல்லாம் நின்றுவிடுகிறது. ஏனென்றால் அந்த இடத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு தெய்வானை நிற்கிறாள். அவளை எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. துணிக் கம்பெனியில் செக்கிங்கில் என் எதிர் மேசைக்காரி, வருஷக்கணக்காக ஒரே சாப்பாட்டு வட்டத்தில் உட்கார்ந்து தின்கிறவள், எனக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள், என் பையை மடியில் வைத்துக்கொண்டு, பிளாஸ்க்கைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாத அம்மாளிடம் என் கையைப் பற்றி முழுக்கதையையும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

“சும்மா கீழ உக்காரலாம்னு கையை ஊனுனாங்க, அவ்வளவுதானுங்க. முருங்கக் கொம்பாட்டம் படக்குனு போயிருச்சு. எனக்கே சத்தம் கேட்டுச்சுன்னா பாத்துக்குங்க.” அந்த அம்மாள் என் கையை ஒருமுறை, முகத்தை ஒருமுறை பார்க்கிறாள். “சத்துக் கொறவுங்க,” என்கிறாள். “அதேதான் எனக்கும் புரியல,” என்கிறாள் தெய்வானை. “எங்கக்கா தெனமும் கால்சியம் மாத்தர போடறவங்க. ஒரு நாள் விட மாட்டாங்க. அப்புறம் எப்படி உடையும்?” நான் சுவரில் ஒட்டியிருக்கிற முதுகெலும்புப் படத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கட்டுக்குள்ளே அரிக்கிறது. விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிறது, வீங்கி, மஞ்சளாக, யாருடைய விரலோ போல. வலது கை. இடது கையாக இருந்திருந்தால் இத்தனை பாடு இல்லை, மாத்திரையின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டாக்டர் மேசையில் நைசாக வைத்துவிட்டு வந்திருப்பேன். நேற்று இடது கையால் எழுதிப் பார்த்தேன், கோழி கிளறின மாதிரி வந்தது, எனக்கே படிக்கத் தெரியவில்லை. வேறு யாரையாவது எழுதித் தரச் சொல்லலாமே என்று தோன்றியது. யாரை? எழுதித் தர எனக்கு இருக்கிற ஒரே ஆள் தெய்வானைதான். நினைத்தபோது சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகையும் வந்தது, இரண்டையும் தனியாகவே முடித்துக்கொண்டேன்.

இந்த ஆஸ்பத்திரியில் ஒரு தடவைக்கு மூன்று டோக்கனை உள்ளே விடுவார்கள். டாக்டர் முன்னால் முக்காலியில் ஒருவர், பின்னால் சுவரோரம் நாற்காலியில் இரண்டு பேர், அவரவரோடு வந்தவர்கள் நின்றுகொண்டு. டாக்டருக்கு நேரம் மிச்சம், நமக்கு நாலு பேர் கதை இலவசம். போன வாரம் கட்டுப் போட வந்தபோது பெரிய டாக்டர் ஊரில் இல்லை, சின்ன டாக்டர்தான் இருந்தார். அப்போதே பார்த்தேன், முட்டிவலிக்காரி தன் மருமகளைப் பற்றிச் சொல்லச் சொல்ல, பின்னால் இருந்த தோள்பட்டைக்காரர் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார். அதனால்தான் இன்றைக்கு வந்ததும் வராததுமாக, தெய்வானை டோக்கன் வாங்கப் போன சமயம் பார்த்து, கதவருகே நிற்கிற சிஸ்டரிடம் போய், நான் மட்டும் தனியாக டாக்டரைப் பார்க்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டேன். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. “தனியாவா? தனியான்னா எப்படிம்மா? பொம்பளை டாக்டர் வேணுமா? எலும்புக்கு இங்க ஆம்பளை டாக்டர்தாம்மா!” ஹாலில் இருந்த அத்தனை தலையும் திரும்பிற்று. கையில்தானே கட்டு, இதில் தனியாகக் காட்ட என்ன இருக்கிறது என்று அத்தனை முகத்திலும் எழுதியிருந்தது. ஒன்றுமில்லைங்க என்று வந்து உட்கார்ந்துவிட்டேன். தெய்வானையைக் காபி வாங்க அனுப்பலாம் என்றால், காபியை அவளே பிளாஸ்க்கில் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். நல்லவர்களோடு இது ஒரு தொந்தரவு, அவர்களை அப்புறப்படுத்தக் காரணமே கிடைக்காது.

சர்க்கரைக்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எதிர் பெஞ்சில் ஒருவர் நர்ஸிடம், எனக்குச் சுகர் இருக்குதுங்க, இருபது வருசமா என்று ஏதோ நிலபுலன் இருப்பதுபோல் சொல்கிறார். பிரஷர்காரர்கள் பிரஷர் மாத்திரையை மேசைமேல் பரப்பி வைத்துப் பேசுகிறார்கள். அதுவும் தினம் ஒரு மாத்திரை, இதுவும் தினம் ஒரு மாத்திரை. அவர்கள் வாயைத் திறந்தால் நோயின் பெயர் வருகிறது, நான் திறந்தால் ஒரு ஆளின் நடத்தை வருகிறது. என் நடத்தைகூட இல்லை, என் வீட்டுக்காரருடையது. அவரைத் திட்டி முடித்தாயிற்று. செத்துப்போனவரை எவ்வளவுதான் திட்டுவது, பதில் பேசினாலாவது சுவாரசியம் இருக்கும். அவர் போய், எனக்கும் இருக்கிறது என்று தெரிந்து, இனி அவ்வளவுதான் என்று ஊரும் நானும் நினைத்து, அப்புறம் அவ்வளவுதான் இல்லை என்று ஆகி, மாத்திரை தின்று, எடை ஏறி, முகம் தெளிந்து, கரூர் வந்து கம்பெனியில் சேர்ந்து, இதோ நரைக்கும் வயசு வரைக்கும் வந்தாயிற்று. சாகாமல் இருந்தால் வயசாகும், வயசானால் எலும்பு தேயும் என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அன்றைக்கு எலும்பைப் பற்றி யார் நினைத்தது.

அந்தக் கால்சியம் கதையைப் பொய் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது குடை மாதிரி. மழை பெய்தது, பிடித்துக்கொண்டேன். கம்பெனியில் சேர்ந்த புதிதில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரை போடுவேன், எல்லார் கண் முன்னாலேயும் போடுவேன். ஒளித்துப் போட்டால்தான் கேள்வி வரும். ஜி.ஹெச்.சில் தருகிற டப்பாவின் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, மாத்திரைகளை ஒரு பழைய கால்சியம் டப்பாவில் கொட்டி, ஆட்டினால் சத்தம் வராமல் இருக்க மேலே பஞ்சு வைத்துவிடுவேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான், அங்கே எங்களுக்கு மாத்திரை தருகிற சென்டரின் வாசலில் வெறும் டப்பாக்கள் ஒரு குப்பைத்தொட்டி நிறையக் கிடக்கும். என்ன மாத்திரைங்கக்கா என்று கேட்டது தெய்வானைதான். கால்சியம், எலும்புக்கு என்றேன். அப்ப எனக்கும் ஒண்ணு குடுங்க, முட்டி ராத்திரியெல்லாம் கொடையுது என்று கையை நீட்டினாள். அந்த உள்ளங்கை, மஞ்சள் கறையும் சோற்றுப் பருக்கையுமாக என் முன்னால் விரிந்திருந்தது. இது டாக்டர் எனக்கென்று எழுதிக் கொடுத்தது, மற்றவங்க சாப்பிடக்கூடாது என்று மழுப்பினேன். அன்று முழுக்க எனக்குக் கஞ்சப் பிசினாரி என்று பட்டம். மறுநாள் மருந்துக்கடைக்குப் போய் அசல் கால்சியம் அட்டை வாங்கிவந்து, டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் அதிலிருந்து கொடுக்க ஆரம்பித்தேன். இன்று வரைக்கும் கொடுக்கிறேன். முட்டி வலிக்கும் குதிகால் வலிக்கும் செக்கிங் செக்‌ஷனே என்னிடம்தான் வரும். தெய்வானை தினமும் உரிமையோடு பையில் கையை விட்டு எடுத்துக்கொள்வாள், அட்டை எது டப்பா எது என்று நான் பழக்கியிருக்கிறேன், டப்பா என் டாக்டர் எழுதினது, அட்டை பொதுச்சொத்து. ஊருக்கெல்லாம் கால்சியம் கொடுத்தவள் அதில் ஒன்றைக் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டதில்லை. தோன்றவே இல்லை. கால்சியம் சாப்பிடுகிறவள் என்று வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, நான் உண்மையாகவே சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக என் மூளையும் நம்பிவிட்டது போல. போன வாரம் கை படக்கென்றபோது எனக்கு முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா, தினமும் கால்சியம் சாப்பிடுகிறேனே, எப்படி என்பதுதான்.

அந்த மாத்திரை தருகிற ஏ.ஆர்.டி. சென்டரில் புதிதாக வந்திருக்கிற டாக்டரம்மா சின்னப் பெண், கட்டோடு போய் நின்றதும் முகம் மாறிவிட்டது. எல்லாருக்கும் போலத் தீட்டு நின்றதும் எலும்பு மெலியும், உங்களுக்கு அந்தக் கிருமி கொஞ்சம், நாம் கொடுக்கிற மாத்திரை கொஞ்சம், மூன்றுமாகச் சேர்ந்திருக்கு என்றாள். அப்ப மாத்திரையை நிறுத்திரலாமுங்களா என்று கேட்டதற்கு எழுந்தே நின்றுவிட்டாள். “நிறுத்துற பேச்சே கூடாது. உங்கள இத்தன வருசம் நடக்க வச்சது அதுதான். வேணும்னா மாத்தலாம், அதை நாங்க பாத்துக்கறோம். ஆனா எலும்பு டாக்டர்கிட்ட நீங்க என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு சொல்லியே ஆகணும். சொல்லலைன்னா கையை மட்டும் பாத்துட்டு விட்டுருவார். இப்ப மணிக்கட்டு. அடுத்தது இடுப்பா இருந்தா?” கால்சியம் எழுதிக் கொடுத்தால் அதையும் அந்த மாத்திரையையும் கண்டபடி சேர்த்துப் போட்டால் மாத்திரை வேலை செய்யாமல் போகும், எப்போது எதைப் போடுவது என்று அவர் தெரிந்து எழுதவேண்டும் என்றாள். அவரிடம் நானே பேசட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். ரொம்ப தைரியமாகத்தான் சொன்னேன். அது அந்தக் கட்டடத்துக்குள் சொன்னது, அங்கே எல்லாரும் ஒரே ஜாதி.

இடுப்பு. அந்த வார்த்தைதான் ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை. எங்கள் லைன் வீட்டில் கடைசி வீட்டு ராமாத்தாள் குளியலறையில் வழுக்கி இடுப்பு உடைந்து கிடந்தாள். மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், ஒருத்தி மாற்றி ஒருத்தி தூக்கி உட்கார வைத்தும் முதுகெல்லாம் புண். எனக்குத் தூக்க யார் இருக்கிறார்கள்? பிள்ளை இல்லை. அண்ணன் வீடு, என் வீட்டுக்காரர் செத்த அன்றைக்கே வாசலைச் சாத்திக்கொண்ட வீடு. எத்தனை பக்கம் திருப்பிப் பார்த்தாலும் என்னைத் தூக்க வருகிறவள் தெய்வானை ஒருத்திதான். கை உடைந்த அன்றைக்கும் அவள்தான் ஆட்டோ பிடித்தாள், அவள்தான் தலை சீவிவிடுகிறாள், ரவிக்கைக் கொக்கி மாட்டிவிடுகிறாள். இதுதான் முடிச்சு. இடுப்பு உடையாமல் இருக்க வேண்டுமானால் சொல்ல வேண்டும், சொன்னால், இடுப்பு உடைந்தால் தூக்குகிறவள் போய்விடுவாள். எந்த நுனியைப் பிடித்து இழுத்தாலும் முடிச்சு இறுகுகிறது. சொல்லாமல் இருந்துவிட்டால்? குளியலறைக்குப் போகும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் கம்பியைக் கட்டிக்கொண்டு, மழைக்காலத்தில் வாசலுக்கே வராமல் பூனை மாதிரி காலை வைத்து வைத்து எத்தனை நாள்? நின்று செய்கிற வேலை என் வேலை. நிற்க முடியாதவளைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது, என்ன நோய் என்று கேட்கக்கூட மாட்டார்கள்.

கம்பெனியில் அயர்னிங் செக்‌ஷனில் இருந்த கதிர்வேலு ஞாபகம் வருகிறான். வரட்டும், வராமல் எப்படி இருப்பான், அந்தக் கேள்வி வருகிற இடத்தில் வழியை மறித்துக்கொண்டு நிற்பதே அவன்தானே. இளைத்துக்கொண்டே போனான், யாரோ ஜி.ஹெச்.சில் அந்தச் சென்டர் வாசலில் பார்த்தேன் என்றார்கள், அன்றைக்கு மத்தியானமே தண்ணீர் டிரம்மிலிருந்து அவன் டம்ளர் தனியாகப் போய்விட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு சண்டை இல்லை, டம்ளர் மட்டும் நகர்ந்தது. ஒரு வாரம் வந்தான், அப்புறம் வரவில்லை. தெய்வானை என்ன செய்தாள்? பாவம் என்றாள். பாவம் என்று சொல்லிக்கொண்டே தன் டம்ளரை இரண்டாம் முறை கழுவினாள். அந்த இரண்டாவது கழுவலை நான் மறக்கவில்லை. அவள் மறந்திருப்பாள். அப்போது என் டப்பா என் மடியில்தான் இருந்தது, நானும் எழுந்து போய் என் டம்ளரை இரண்டாம் முறை கழுவினேன். கழுவாமல் இருந்தால் பார்ப்பார்களே. அவளுக்குப் பயம், எனக்கும் பயம், கதிர்வேலுவுக்கு மட்டும் வேலை போயிற்று.

ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். இத்தனை வருஷம் துணி பார்த்தவள் நான். விளக்குக்கு நேரே விரித்துப் பிடித்தால் எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே நெசவு மெலிந்திருக்கிறது என்று கண் தானாகப் போய் நிற்கும். குறை இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம், இதோ இங்கே என்று. ஸ்டிக்கர் ஒட்டினால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பார், பீஸ் கணக்குக் குறையும், ஆனால் அந்தத் துணியைத் தைத்துச் சரிசெய்துவிடலாம். ஒட்டாமல் மடித்து அனுப்பினால் கப்பல் ஏறிப் போய் அங்கிருந்து திரும்பி வரும், வந்தால் மொத்தமும் குப்பை. யாருடைய துணிக்கோ இத்தனை வருஷம் ஒட்டியிருக்கிறேன். என் எலும்புக்கு ஒட்ட எனக்குக் கை எழவில்லை. எப்படி எழும், அதுவும் உடைந்த கைதானே. தெய்வானை போனால் போகட்டும். இல்லை, போகட்டும் என்று சொல்ல முடியவில்லை, வாய் வரவில்லை. அவள் போனால் எனக்கு உயிரே போன மாதிரிதான். ஆனால் நான் படுத்துக் கிடக்க மாட்டேன். செத்துப்போவாள் என்று எல்லாரும் சொன்னபோதே படுக்காதவள் இப்போது ஒரு குளியலறைத் தரைக்குப் பயந்து படுக்க மாட்டேன்.

சிஸ்டர் கதவைத் திறந்து மூன்று பேரைக் கூப்பிட்டாள். “வசந்தாமணி!” என் பெயர்தான் முதலில். தெய்வானை பையைத் தோளில் போட்டுக்கொண்டு என் முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினாள். பிளாஸ்க்கைப் பக்கத்து அம்மாளிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவளுக்கு இது திருவிழா, யார் கூட வந்தாலும் எல்லாம் முடிந்து எழும்போது டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்காமல் வரமாட்டாள், சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியாங்க? எங்கள் செக்‌ஷன் பிரேமாவுக்குத் தேமலுக்குக் களிம்பு கொடுத்தபோதுகூட அதைக் கேட்டாள். கம்பெனியே ஒரு மாதம் சிரித்தது. இன்றைக்கு அதைக் கேட்பாளா என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடிற்று, முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் கழுத்துப் பட்டை போட்ட ஒரு பெரியவர், ஒரு அம்மாள், அவள் மகள். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தார். விளக்குக்கு நேரே என் கை, மெல்லிய நெசவாக. நான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தபடியே எல்லாம் நடந்தது.

“எப்படிம்மா விழுந்தே?”

“விழலீங்க. கையை ஊனுனேன்.”

“ஊன்றினதுக்கே இப்படியா?” எக்ஸ்ரேயை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார். “வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறியா?”

“கால்சியம் சாப்புடறாங்க டாக்டர்,” என்றாள் தெய்வானை, என் தோளில் கையை வைத்தபடி. “வருசக்கணக்கா. தெனமும் என் கண் முன்னாலதான் போடறாங்க.”

“அது கால்சியம் இல்லீங்க,” என்றேன். குரல் என்னுடையதாகத்தான் இருந்தது, அதுவே ஆச்சரியம். “எனக்கு எச்.ஐ.வி. இருக்குதுங்க டாக்டர். ஜி.ஹெச்.ல மாத்தர வாங்கிச் சாப்புடறேன். டெனோஃபோவிர் கலந்தது. எலும்புக்கு அதையும் சேத்துப் பாக்கணும்னு அங்க சொன்னாங்க.”

பின்னால் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. என் தோளில் இருந்த கனம் போய்விட்டது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை, அந்த இடம் மட்டும் குளிர்ந்தது. நான் திரும்பவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயை மேசையில் வைத்துவிட்டு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். எத்தனை வருஷமாக என்று கேட்டார், சொன்னேன். நீங்க சொன்னது ரொம்ப நல்லது என்றார். என்னை நீங்க என்று கூப்பிட்டார். இந்தக் கட்டு இன்னும் சில வாரம் இருக்கட்டும், எலும்பு எவ்வளவு திடமாக இருக்கிறது என்று ஒரு ஸ்கேன் எடுக்கலாம், இடுப்பையும் முதுகையும் சேர்த்துப் பார்க்கணும், உங்க டாக்டரிடம் நானே பேசுகிறேன் என்றார். கட்டுக்கு வெளியே இருந்த விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். அழுத்தினால் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன். எல்லாம் தெரிகிறது, முதுகுக்குப் பின்னால் ஒருத்தி மூச்சு விடுவதுகூடத் தெரிகிறது.

“அப்ப நான் தின்னது?” தெய்வானையின் குரல்தான். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

“அது அசல் கால்சியம். கடையில வாங்குனது. உனக்குன்னு தனியாத்தான் வாங்கி வச்சேன்,” என்றேன், எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு. “டப்பாவுல இருந்து ஒரு நாளும் உனக்குக் குடுத்ததில்ல.”

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். அவள் போகிறாள் என்று நினைத்தேன். செருப்புச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும், மூடும், நான் இடது கையால் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போவேன், ஆட்டோ பிடிப்பேன், முடியும், எல்லாம் முடியும்.

“அப்ப நீங்க ஒண்ணுகூடத் திங்கலியா?” என்றாள். இப்போது குரலில் கோபம் இருந்தது, பிரேமா அவள் சாப்பாட்டு டப்பாவில் கையை விட்டால் வருகிற கோபம். “இத்தன வருசம் எங்களுக்கெல்லாம் குடுத்துட்டு? ஒண்ணுகூடவா?”

“இல்ல,” என்றேன்.

டாக்டர் சீட்டைக் கிழித்து நீட்டினார். என் வலது கை கட்டுக்குள் இருந்தது, இடது கை முக்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தது, விட்டால் விழுந்துவிடுவேன் போல. சீட்டு அந்தரத்திலேயே நின்றது. அப்புறம் என் தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது, மஞ்சள் கறை படிந்த கை, அதை வாங்கிக்கொண்டது.

“சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியாங்க டாக்டர்?” என்றாள் தெய்வானை.

டாக்டர் என்னை விட்டுவிட்டு, அவளைப் பார்த்து விவரம் சொல்ல ஆரம்பித்தார்.